காயாத கைகள்

1. பெரட்டு

அன்று காலைப் பெரட்டில் அஞ்சலைக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

பெரட்டு என்றால் விடியும் முன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. கங்காணி அதட்டிப் பார்த்தார். கணக்கெழுதும் கிராணி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பெண்கள் அசையவில்லை. அஞ்சலை மட்டும் தனியாக, முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். நான்தான் அந்தத் தோட்டத்து டிரஸ்ஸர். ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளிப் போனால் வரும் தோட்டம். சிறிய ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கட்டில். பெரிய டாக்டர் மாதத்தில் ஒருநாள் காரில் வந்து போவார். மற்ற நாட்களில் டாக்டர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவன் நான். நாகப்பட்டினத்துப் பக்கத்தில் கம்பவுண்டராக இருந்து கப்பலேறி வந்தவன். வயது இருபத்தாறு. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் வயது.

"ஐயா, இவ கையப் பாருங்க. குஷ்டம். லயத்துல நாப்பது குடும்பம் இருக்கு. பச்சப் புள்ளைங்க இருக்கு. என்ன செய்யப் போறீங்க?" என்றார் பெரிய கங்காணி.

அவள் கையை எனக்குப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை. மூன்று வாரமாக நான்தான் வைத்தியம் பார்த்து வந்தேன். விரல் இடுக்கில் அரிப்பு என்று வந்தாள். விரல் இடுக்கில் அரிப்பு என்றால் சொறி. லயத்தில் பாதிப்பேருக்கு அது உண்டு. கந்தகக் களிம்பைக் கொடுத்து, தினம் இரண்டு வேளை கார்பாலிக் சோப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவு என்று சொல்லி அனுப்பினேன். அவளும் சொன்ன பேச்சைத் தட்டாமல் தேய்த்தாள். முதல் வாரம் சிவந்தது. இரண்டாம் வாரம் வெடித்தது. மூன்றாம் வாரம் நீர் வடிந்து, மேலே மஞ்சளாகப் பக்குக் கட்டி, விரலை மடக்க முடியாமல் ஆயிற்று. நான் களிம்பை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.

தோட்டத்துத் துரை வந்தார். என்னைத்தான் கேட்டார், குஷ்டமா என்று. இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மருந்துக்குக் கேட்காத சொறி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வியாழக்கிழமை பெரிய டாக்டர் வருவார், அவர் குஷ்டம் என்றால் அன்றைக்கே அவளைக் குஷ்டரோகிகளின் அடைப்பு முகாமுக்கு அனுப்பிவிடலாம் என்று துரை முடிவு சொன்னார். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. குழந்தையை உடன் விடமாட்டார்கள்.

அந்த நான்கு நாளும் அஞ்சலை ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருந்தாள். புருஷன் வாசல்வரைக்கும் குழந்தையைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவான். அந்தக் குழந்தை கையை நீட்டும்போதெல்லாம் இவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் மருந்து அலமாரியைத் துடைக்கப் போய்விடுவேன்.

2. குண்டூசி

பெரிய டாக்டர் அதிகம் பேசாத மனிதர். அஞ்சலையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சட்டையில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தார். விரல் நுனி, புறங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வோரிடமாக மெல்லத் தொட்டார். சில சமயம் ஊசி முனையால், சில சமயம் அதன் கொண்டையால்.

"குத்துது. இது குத்தல, சும்மா தொடுறீங்க. குத்துது. குத்துது ஐயா" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

குஷ்டம் வந்த இடத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். இவளுக்கோ இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தது. ஒரு குண்டூசி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதை நான் அன்று பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. அதே ஊசி என் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருந்தது. எனக்குத்தான் தோன்றவில்லை.

இது எக்ஸிமா, தமிழில் கரப்பான் என்பீர்களே அதுதான், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்றார் டாக்டர். பிறகு என் கந்தகக் களிம்பு டப்பாவை மோந்து பார்த்தார். வெந்த புண்ணில் கந்தகத்தையும் கார்பாலிக்கையும் தேய்க்கச் சொன்ன புத்திசாலி யார் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஜிங்க் களிம்பு, துணிக்கட்டு, தண்ணீர் படக்கூடாது, பால் ஸ்டோர் ஆசிட் பக்கமே போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

பால் ஸ்டோரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மரத்திலிருந்து எடுத்து வந்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டுக் கலக்குவார்கள். பால் உறைந்து கட்டியானதும் மிஷினில் கொடுத்து ஷீட்டாக இழுத்து, கழுவி, புகைக்கூண்டில் காயப்போடுவார்கள். ஆசிட் கலக்குவதும் நுரை வழிப்பதும் ஷீட் கழுவுவதும் பெண்கள் வேலை. எங்கள் ஸ்டோரில் அஞ்சலையையும் சேர்த்துப் பதினொரு பெண்கள்.

அதனால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதினொரு பேர் ஒரே ஆசிட்டில் கை வைக்கிறார்கள். குப்பம்மா என்பவள் ஏழு வருடமாக வைக்கிறாள், அவள் கை பலகை மாதிரி இருக்கிறது. இவளுக்கு மட்டும் ஏன்?

டாக்டர் காரில் ஏறிக்கொண்டே, அதை என்னிடம் ஏன் கேட்கிறாய், அவளையே கேள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

3. அவளையே கேட்டேன்

கட்டு மாற்றும்போது கேட்டேன். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று. இவ்வளவு நாளில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரை கையை நீட்டு, வாயைத் திற, போ, அவ்வளவுதான்.

அவள் அம்மா ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கிடங்கில் தோல் அலசும் வேலை பார்த்தவளாம். அவளுக்கும் கை இப்படியேதான் வெடித்து நீர் வடியுமாம். மழைக்காலம் வந்தால் மூச்சிறைப்பு வேறு. அண்ணனுக்கு மூச்சிறைப்பு மட்டும் உண்டு, தோலில் ஒன்றுமில்லை. கரப்பானும் மூச்சிறைப்பும் ஒரே ரத்தத்தில் வருபவை என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அஞ்சலைக்குச் சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் இருந்தது. ராவெல்லாம் சொறிவாள் என்று கையில் துணி சுற்றிப் படுக்கவைப்பார்களாம்.

"அப்புறம் பன்னெண்டு வயசுல தன்னால போயிடுச்சு ஐயா. சுத்தமா போயிடுச்சு. இங்க வந்து ஸ்டோர்ல போட்டாங்க, அப்பக்கூட ஒண்ணுமில்ல. இந்தப் புள்ள பொறந்தப்புறந்தான் திரும்பி வந்துச்சு."

முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். மடிப்பில் தோல் கொஞ்சம் தடித்து, கோடு கோடாகக் கறுத்திருந்தது. மூன்று வாரம் அந்தக் கையைப் பிடித்து மருந்து போட்டவன் நான். மணிக்கட்டுக்கு மேலே கண்ணை உயர்த்தியதே இல்லை.

அடுத்து அவள் கைக்கு ஒரு நாளில் என்னென்ன நடக்கிறது என்று கேட்டேன். எழுந்ததும் தண்ணீர் தூக்குகிறாள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள். ஸ்டோரில் மத்தியானம்வரைக்கும் ஆசிட், நுரை, ஷீட் கழுவும் தொட்டி. கையில் ஒட்டிக்கொண்ட பால் சாதாரணமாகப் போகாது, மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து உரிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் குழந்தை துணி, புருஷன் துணி, மறுபடி பாத்திரம். இதற்கு நடுவில் என் கார்பாலிக் சோப்பு இரண்டு வேளை.

ஸ்டோரில் மிஷின் சுற்றுகிற ஆண்களும் ஆசிட்டில் கை வைக்கிறவர்கள்தான். ஆனால் அவர்கள் வெளியே வந்து பீடியைப் பற்றவைத்ததும் கை காய்ந்துவிடும். பெண்கள் கை படுக்கைக்குப் போகும்வரைக்கும் காய்வதே இல்லை. இதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி முடித்துவிட்டு வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு வியப்போடு நான் படித்ததில்லை.

துரையிடம் போய் அவளைப் பால்வெட்டுக்கு, அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலைக்கு, மாற்றச் சொன்னேன். மாற்றினார். ஜிங்க் களிம்பு, தூங்கப்போகும் முன் தேங்காயெண்ணெய், பாத்திரத்தைக் கொஞ்ச நாள் புருஷன் தேய்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். லயத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் தேய்த்தான். ஐந்தாறு வாரத்தில் கை ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். நான் பெரிய வைத்தியன் ஆகிவிட்டேன் என்று நடை மாறிப்போயிற்று எனக்கு.

4. அதே மடிப்பு

சில மாதம் கழித்து ஊரிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். சிங்கப்பூரில் இறங்கி, தொற்றுநோய்க்குப் பயந்து தீவில் அடைத்துவைக்கும் தடுப்பு நாட்களைக் கழித்துவிட்டு, ரயிலில் ரெங்கம் வந்து, அங்கிருந்து லாரியில் தோட்டத்துக்கு. வந்த அன்றே டிரஸ்ஸர் பார்த்துப் பெயருக்கு நேரே என்ன வேலைக்குத் தகுதி என்று எழுத வேண்டும்.

பதினெட்டு வயது இருக்கும் ஒரு பெண் முன்னால் வந்து நின்றாள். கண் பார்த்தேன், நாக்கு பார்த்தேன், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். இப்போது நான் முழங்கையையும் திருப்பிப் பார்க்கிறவன். திருப்பினேன்.

அதே மடிப்பு. அதே தடித்த தோல், அதே கறுத்த கோடுகள், அதே இடம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உன் அம்மாவுக்கு மூச்சிறைக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள். நீ ஆம்பூர்ப் பக்கமா என்றேன். ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பெயர் பொன்னம்மா. அஞ்சலையின் தங்கை. அக்கா கப்பலேறியபோது இவளுக்கு ஏழெட்டு வயது. பத்து வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முகத்தில் ஒரு ஜாடையும் கிடையாது, அக்கா கட்டை, இவள் நெட்டை. ஆனால் ஒரு தாய் தன் கையெழுத்தை இரண்டு பெண்கள் கையிலும் ஒரே இடத்தில் போட்டு அனுப்பியிருந்தாள்.

இந்த அதிசயத்தை அன்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அதில் ஒரு பங்காளி மாதிரி நின்றேன். அந்தச் சந்தோஷத்தில் நான் செய்ததுதான் இந்தக் குறிப்பை எழுதவைத்த காரியம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டோர் வேலை நிழல் வேலை. மழை, வெயில், அட்டைக்கடி இல்லை. அதனால் ஸ்டோரில் ஓர் இடம் ஒரு வீட்டுக்குக் கிடைத்துவிட்டால் அது அந்த வீட்டு இடம். ஒருத்தி நின்றால் அந்த வீட்டிலிருந்தே இன்னொருத்தி போவாள். அஞ்சலையின் இடம் அப்படியே அவர்கள் வீட்டுக்காகக் காத்திருந்தது. தங்கச்சியை அங்கே போடலாமா என்று பெரிய கங்காணி நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். பொன்னம்மாவின் கைகள் இரண்டும் பூப்போல இருந்தன. "ஸ்டோருக்குத் தகுதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முழங்கையைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான் எழுதினேன். அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

5. பால் நிறுக்கும் இடத்தில்

ஒரு மாதம் ஆகவில்லை. பொன்னம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். அக்காவை அன்று பெரட்டில் பார்த்தது போலவே இருந்தது. கையை வெளியே எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

லயத்தில் பழைய பேச்சு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. டாக்டர் ஊசி குத்திப் பார்த்ததெல்லாம் கண்துடைப்பு, இது குடும்பக் குஷ்டம், அக்காவிடமிருந்து தங்கைக்கு ஒட்டிக்கொண்டது, அடுத்து யார் வீடு என்று. தண்ணீர்க் குழாயில் இருவரையும் விலக்கினார்கள். அஞ்சலையின் குழந்தையை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அந்தக் குடும்பத்தையே அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் தொல்லை இல்லாத வழி என்று துரைக்கும் தோன்ற ஆரம்பித்தது. ஊரில் அவர்களுக்கு இருந்தது அந்தத் தோல் கிடங்கு மட்டும்தான். ஆசிட்டுக்குப் பதில் சுண்ணாம்புத் தொட்டி.

நான் துரையின் ஆபீசுக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணை ஸ்டோருக்கு எழுதியிருக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உன்னை நம்புகிறேன், ஆனால் லயத்து ஆட்கள் நம்பாவிட்டால் என்னால் தோட்டம் நடத்த முடியாது என்றார்.

அன்று மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பால்வெட்டுக்காரர்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். நான் ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று எக்ஸிமா என்றால் என்ன என்று பிரசங்கம் செய்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. பெரிய கங்காணி குறுக்கே வந்து, அக்காவிடமிருந்து தங்கைக்கு ஒட்டவில்லை என்றால் வேறு எப்படி வந்தது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும், அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அஞ்சலை வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள். வழவழப்பாக ஆறியிருந்த கை.

"குஷ்டம்னா இது எப்படி ஆறுச்சு? ஸ்டோர விட்டேன், ஆறுச்சு. என் எடத்துல அவ போனா, அவளுக்கு வந்துச்சு. எங்கிட்டருந்து ஒட்டணும்னா எங்கூடவே படுக்குற எம்புருஷனுக்கும் எம்புள்ளைக்கும் இல்ல ஒட்டியிருக்கணும்?"

அவள் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தன் முழங்கையையும் அவள் முழங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினாள்.

"தோலு எங்கம்மா குடுத்தது. புண்ணு ஸ்டோரு குடுத்தது."

பீப்பாய் மேல் நின்றுகொண்டிருந்த நான் மெதுவாகக் கீழே இறங்கினேன். பிற்காலத்தில் இந்த நோயைப் பற்றி எவ்வளவோ படித்தேன். பரம்பரை, தொழில், ஈரம், சோப்பு, பிரசவத்துக்குப் பின் வருவது என்று பக்கம் பக்கமாக. அவள் இரண்டு மூச்சில் சொன்னதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் நகர்ந்தவள் குப்பம்மா. ஏழு வருட ஆசிட் கைக்காரி. வந்து பொன்னம்மாவின் வெடித்த கையைத் தன் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் பாக்குறேன் அந்தத் தட்ட. நீ வெட்டுக்குப் போ" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயந்திரம் தண்ணீர்க் குழாயில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். வீட்டு இடம் என்ற வழக்கத்தைப் பெரிய கங்காணி தானாகவே கைவிட்டார். பொன்னம்மாவின் கை ஆற இரண்டு மாதம் ஆயிற்று.

6. தகுதிச் சீட்டு

அதற்குப் பிறகு நான் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஸ்டோர் என்று எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டேன். உன் அம்மாவுக்கு, கூடப்பிறந்தவர்களுக்குக் கரப்பானோ மூச்சிறைப்போ உண்டா? உன் கை ஒரு நாளில் எவ்வளவு நேரம் காய்ந்திருக்கும்? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான பெண்கள் சிரித்துவிடுவார்கள். அவர்களை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் 1930களின் நடுவில் ஒருநாள் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அஞ்சலை தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். காலைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் குழந்தைதான். பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, வேலைக்குச் சீட்டு எழுத வேண்டும். நான் முழங்கையைத் திருப்பினேன். மடிப்பில் ஒன்றும் இல்லை. முழங்காலிலும் இல்லை. மூச்சைக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. அம்மாவைத்தான் எனக்குத் தெரியுமே, அதனால் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பரவாயில்லை, இது அப்பன் தோல் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். எல்லா வேலைக்கும் தகுதி என்று எழுத ஆரம்பித்தேன்.

அஞ்சலை தன் கையைச் சீட்டின் மேல் வைத்தாள்.

"கேக்க மறந்துட்டீங்களே ஐயா. ஆறேழு வயசுல இவளுக்கும் வந்துச்சு, போயிடுச்சு. எனக்கும் பன்னெண்டு வயசுல இப்படித்தான் சுத்தமா போயிருந்துச்சு."

நான் எழுதியதை அடித்துவிட்டு, பால்வெட்டு மட்டும் என்று எழுதினேன்.